வெறிநாய்க்கடியும் நகரத்தாரின் கூட்டுப் பொறுப்பும்

நமது சங்க அங்கத்தினர்களில் நகரத்தோடு தொடர்பில்லாதவர் மிகச் சிலரே. பொழுது புலருமுன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் நெசவாளரும், காய்கறி மூட்டைகளுடன் நள்ளிரவிலேயே நகரச் சந்தையை அடையும் விவசாயியும் ஊர் உறங்கும் வேளையில் தெருவில் நிற்க வேண்டியவர்கள். அந்த வேளையில் தெரு நாய்களின் ஆட்சியில் இருக்கிறது. வழியில் ஒரு கடி நேர்ந்தால் அன்றையக் கூலி போவதோடு, பல வாரங்களுக்கு மன நிம்மதியும் போய்விடுகிறது. ஆகவே வெறிநாய்க்கடியை நகரசபை அதிகாரிகளின் கவலை என்று ஒதுக்கிவிட நமக்கு இயலாது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களால் வருவதே. வெறிநாய் எனச் சந்தேகிக்கப்படும் நாய்களிடம் கடிபடுவோரில் ஐந்தில் இருவர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நோயின் குறிகள் வெளிப்பட்டபின் பிழைத்தவர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அதே சமயம், குறிகள் தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை பெற்றவருக்கு இது அநேகமாக முழுவதும் தடுக்கக்கூடிய நோய்.

கடிபட்டவர் செய்ய வேண்டியவை

நோயின் கிருமி நாயின் உமிழ்நீரில் இருக்கிறது. கடிவாயின் வழியே உட்புகுந்து, நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலும் இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கழித்தும் நோய் தோன்றுவதுண்டு. இந்த இடைக்காலமே நமக்குக் கிடைக்கும் அவகாசம். தலை, முகம், கை ஆகிய இடங்களில் கடிபட்டவருக்கு அவகாசம் குறைவு.

முதலில் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். செலவில்லாத இக்காரியம் கிருமியைப் பெருமளவு அகற்றிவிடுகிறது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றை அப்புவதால் புண் கெடுவதல்லாது பயன் ஏதுமில்லை. மந்திரித்துக் கயிறு கட்டி நாட்களைப் போக்குவது அதனினும் தீது. கழுவியவுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இரத்தம் வரக் கடித்திருந்தால், தடுப்பூசியோடு, புண்ணைச் சுற்றிலும் இடப்படும் எதிர்ப்பு மருந்தும் அவசியம். தடுப்பூசி பலன் தரச் சில நாட்கள் ஆகும். அதுவரை உடலைக் காப்பது இம்மருந்தே.

“தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி” என்ற பழைய அச்சம் இன்னும் பலரை ஆஸ்பத்திரி வாயிலிலேயே திருப்பி அனுப்புகிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து, முற்காலத்தில் வயிற்றில் இடப்பட்ட அம்மருந்து 2005-க்குப் பின் நம் நாட்டில் வழக்கில் இல்லை. 1907-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டியர் ஸ்தாபனமும் ஆட்டு மூளை மருந்தைக் கைவிட்டுப் புதுமுறைக்கு மாறிவிட்டது. இப்பொழுது ஊசி கையில் இடப்படுகிறது. தோலுக்குள் இடும் முறையில் முதல் நாளுக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பணம் வாங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் கூலி போகிறது என்று எண்ணிப் பிந்திய ஊசிகளை விட்டுவிடுவோர் நம்மிடையே உண்டு. அவ்வாறு விடுவது பாதி பாவு ஓடியபின் தறியை நிறுத்துவது போன்றதன்று. நின்ற தறியை மறுநாளும் ஓட்டலாம். தவறிய ஊசியோ உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கொன்றதால் நோய் ஒழிந்ததா?

கடிபட்டவரைக் காப்பது ஒரு பங்கு வேலையே. நாய்களிடையே நோய் இருக்கும்வரை கடியும் அச்சமும் ஓயா. இதற்குப் பலரும் கூறும் பரிகாரம், தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்பதே. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் வாயிலிருந்து இச்சொல் வருமானால் அதைக் குறைகூற நமக்கு மனம் வாராது. எனினும் அனுபவம் வேறாக இருப்பதை எடுத்துக்கூறுவது நமது கடமை.

இந்தோனேஷியாவின் பாலித் தீவில் 2008 வரை இந்நோய் இல்லை. அவ்வாண்டு நோய் புகுந்தவுடன் நாய்களை ஏராளமாகக் கொன்றார்கள். தடுப்பூசி இட்ட நாய்களும் அதில் மாண்டன. மக்கள் தம் நாய்களை ஒளித்து வேற்றூருக்குக் கடத்த, நோயும் உடன் சென்றது. கொன்ற நாய்க்கு ஈடாகப் புதிய குட்டியைக் கொணர்ந்து வளர்த்தார்கள். 2010 முடிவதற்குள் மாண்ட மனிதர் நூற்றுக்கு மேற்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் தீவு முழுவதும் தடுப்பூசி இடத் தொடங்கி, சில மாதங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களுக்கு இட்டார்கள். மரணங்கள் விரைந்து குறைந்தன. பின்னர் சில ஆண்டுகளில் பணி தளர்ந்தபோது நோய் மீண்டும் தலைதூக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கொல்வது ஏன் பயன்படவில்லை? இறைச்சிக் கழிவும் எச்சிலிலையும் குவியும் இடத்தில் சில நாய்களை அகற்றினால், அவ்விடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேர்கின்றன. உணவு உள்ளவரை இடம் காலியாக இராது. வந்தவையோ தடுப்பூசி பெறாதவை.

எழுபது என்ற கணக்கு

ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைத் தருகிறது. ஆகவே எல்லா நாய்களையும் காக்க வேண்டுமென்பதில்லை. பத்து நாய்களில் ஏழுக்குத் தடுப்பூசி இட்டால், நோய் அடுத்த நாயைத் தேடி அடையாமல் தானே அவிந்துவிடும். தெருநாயின் ஆயுள் குறைவு, ஆண்டுதோறும் குட்டிகளும் பிறக்கின்றன. ஆகையால் இப்பணி ஒவ்வோராண்டும் நடைபெற வேண்டும்.

துணிகளில் அச்சுப் பதிக்கும் தொழிலுக்குப் பேர்பெற்ற ஜெய்ப்பூர் நகரில் நடந்ததை நம் அங்கத்தினர்கள் அறிதல் நலம். அங்கே ஒரு தர்ம ஸ்தாபனம் 1994 நவம்பரில் தொடங்கி 2002 முடியும்வரை ஏறத்தாழ 25,000 நாய்களைப் பிடித்தது. பெட்டை நாய்களுக்கே முதலிடம் தந்து, கருத்தடைச் சிகிச்சையும் தடுப்பூசியும் அளித்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டார்கள். பெட்டைகளில் நூற்றுக்கு அறுபத்தைந்து இவ்வாறு காப்புப் பெற்றன. நாய்த்தொகை 28 சதவிகிதம் குறைந்தது. பணி நடந்த பகுதியில் வெறிநோயால் இறந்த மனிதர் எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. பணி நடவாத பகுதிகளில் நோய் குறையவில்லை. ஒரே நகரில், ஒரே காலத்தில் இவ்வேறுபாட்டைக் கண்டபின் சான்று வேறு தேட வேண்டுமோ?

கோவாவில் 2013 முதல் நடந்த பணியும் இத்தகையதே. வலையுடன் சென்ற குழுக்கள் தெருத்தெருவாக நாய்களைப் பிடித்து, ஊசியிட்டு, மேலே சாயக்குறி வைத்து விட்டன. குறியுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பின்னர் எண்ணிப் பார்த்து, எழுபது எட்டாத இடங்களுக்கு மீண்டும் சென்றார்கள். பள்ளிச் சிறுவர்களுக்கும் நாயிடம் நடந்துகொள்ளும் முறையைக் கற்பித்தார்கள். 2019-க்குள் நாய்களிடையே நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு குறைந்தது.

சென்னையிலும் நாய்களைக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1964-இல் ப்ளூ கிராஸ் சங்கம் கருத்தடை முறையை எடுத்துக்கூறியது. மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். நல்ல யோசனை ஒன்று செயலாவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் மாண்டவர்களை நினைத்தால், நம் தெருவிலும் இனித் தாமதம் கூடாது என்பது விளங்கும். 2001-இல் மத்திய அரசாங்கம் விதிகளாக வகுத்து, 2023-இல் திருத்திய முறையும் இதுவே. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்க வேண்டுமென்று 2021-இல் நாட்டுக்குத் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒருவர் தம் வீட்டு நாய்க்கு மட்டும் ஊசியிட்டால் அந்நாய் பிழைக்கும். தெரு பிழைக்க வேண்டுமானால் பத்தில் ஏழு வேண்டும். தனி மனிதரால் ஆகாததைப் பலர் சேர்ந்து முடிப்பதற்கே நம் சங்கங்கள் தோன்றின. ஆகவே சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தெருவாரியாக நாய்களை எண்ணி, ஊசியிட்டவை இத்தனை, இடாதவை இத்தனை என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அக்கணக்குடன் நகரசபையிடம் சென்று தடுப்பூசி முகாம் கேட்டால், வெறும் முறையீட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். முகாமன்று, நாய்களுக்கு அன்றாடம் சோறிட்டுப் பழகியவர்களே அவற்றைப் பிடித்துத் தருவதற்குத் தக்கவர்கள். சந்தைக் கழிவையும் உணவு விடுதிக் குப்பையையும் மூடி அகற்றும்படி கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கடிபட்ட அங்கத்தினரின் ஊசி நாட்களைக் காரியதரிசி குறித்து வைத்து முதல் நாளே நினைவூட்டலாம். அந்நாட்களின் கூலிக்கு ஈடாகச் சங்க நிதியிலிருந்து சிறு முன்பணம் அளிக்க வழியிருந்தால், தவறும் ஊசிகள் குறையும். எந்தத் தாயும் தந்தையும், நாய் பிறாண்டியதை மறைத்த குழந்தையை அடிக்கலாகாது. அடிக்கு அஞ்சி மறைத்த பிறாண்டலும் உயிரைக் கொள்ளக்கூடும்.

இவற்றுள் பெருஞ்செலவு உள்ளது எதுவுமில்லை. வேண்டுவது ஆண்டுதோறும் விடாது செய்யும் உறுதி ஒன்றே. வரும் மாதப் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, நாய்க் கணக்கெடுக்க இரண்டு அங்கத்தினர்களையேனும் நியமிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். விடியலில் பாவு விரிக்க வருபவர் அச்சமின்றித் தெருவில் நிற்கும் நாளை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.