வீட்டு ஒலிப்பதிவு அறையில் ஒலித்தடுப்பு

வீட்டு ஒலிப்பதிவு அறையில் ஒலித்தடுப்பு என்பது, வீட்டின் ஓர் அறையில் குரலையோ இசைக்கருவியையோ பதிவு செய்யும்போது வெளிச்சத்தம் உள்ளே வராமலும், உள்ளே எழும் ஒலி அண்டை வீட்டுக்குச் செல்லாமலும் தடுக்கும் ஏற்பாடு ஆகும். குறைந்த செலவில் இதைச் செய்ய முனைவோர் பலர், ஒலியைத் தடுப்பதும் உறிஞ்சுவதும் ஒன்றெனக் கருதிச் சுவர் முழுதும் நுரைப்பஞ்சை ஒட்டிவிடுகின்றனர். அறைக்குள் எதிரொலி குறைகிறது. தெருவில் செல்லும் பேருந்தின் ஓசையோ முன்போலவே பதிவாகிறது.

தடுத்தலும் உறிஞ்சுதலும்

காற்றின் வழியே வரும் ஒலியைத் தடுப்பது முதன்மையாகப் பொருளின் நிறையே. ஒரு சுவரின் நிறை இருமடங்கானால் அது தடுக்கும் ஒலி கோட்பாட்டளவில் சுமார் 6 டெசிபெல் கூடும். இது நிறை விதி எனப்படுகிறது. 9 அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் நிறை கொண்டது. அதே பரப்புள்ள 5 செ.மீ. நுரைப்பஞ்சு 2 கிலோகிராம்கூட இராது. முட்டைத் தட்டு அதனினும் மெலிது. அது ஒலியைத் தடுப்பதுமில்லை, நன்கு உறிஞ்சுவதுமில்லை.

உறிஞ்சுதலின் வேலை வேறு. 1895இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியக விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற குறை எழுந்தது. அதைச் சரிசெய்ய அமர்த்தப்பட்ட இயற்பியலாளர் வாலசு சபைன், அருகிலிருந்த சாண்டர்சு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெற்று மண்டபத்தில் அது சுமார் 5.5 நொடி, மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. கட்டட ஒலியியலே இந்த மெத்தைகளில் தொடங்கியது எனலாம். வீட்டு அறைக்கும் இதே வழி போதும்: பஞ்சு மெத்தை, கனத்த போர்வை, ஜமுக்காளம், துணி நிறைந்த திறந்த அலமாரி. போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் 10 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் சற்றுத் தாழ்ந்த ஒலிகளையும் அது உறிஞ்சும். 100 எர்ட்சு ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர் என்பதால், மெல்லிய பஞ்சு எதுவும் அந்தக் கனத்த ஒலியை அடக்காது.

இடைவெளிகள்

செங்கல் வீடுகளில் குறை பெரும்பாலும் சுவரில் இருப்பதில்லை. கதவு, சன்னல், வென்டிலேட்டர் ஆகியவற்றில்தான் இருக்கிறது. 2 சதுர மீட்டர் கதவின் அடியில் உள்ள 1 செ.மீ. சந்து, கதவின் பரப்பில் அரை விழுக்காடுகூட இல்லை. ஆயினும் கதவு எவ்வளவு கனமானதாயினும், அந்தச் சந்து இருக்கும்வரை மொத்தத் தடுப்பு ஏறத்தாழ 23 டெசிபெல்லைத் தாண்டாது. எனவே முதல் செலவு ரப்பர் பட்டைக்கும் சிலிக்கான் பசைக்கும் உரியது. அதன் பின்னரே கதவின்மேல் கூடுதல் பிளைவுட் பலகை அறைவதும், சன்னல் சட்டத்துள் விளிம்பில் ரப்பர் ஒட்டிய பலகையைப் பொருத்துவதும் பயன்தரும்.

சந்துகளை அடைத்த அறையில் காற்றோட்டமும் நின்றுவிடும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருப்பதால் அறை விரைவில் புழுங்கும். சிறு பகுதிகளாகப் பதிவு செய்து, இடையிடையே கதவைத் திறந்து வைப்பது அவசியம்.

தீ ஆபத்து

மலிவான பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை உமிழும். 2003 பெப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் வெசுட்டு வார்விக்கில் ஓர் இசை விடுதி மேடையில் விடப்பட்ட வாணவேடிக்கையின் பொறி, ஒலித்தடுப்புக்காகச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றி 100 பேர் இறந்தனர். 2013இல் பிரேசிலின் சாந்தா மரியாவிலும் இதேபோன்ற விபத்தில் 242 பேர் மாண்டனர். பழைய மெத்தையின் நுரையை வெட்டி மின்கம்பிகளுக்கு அருகே ஒட்டுவது இந்த வகை ஆபத்தே. பாறைக் கம்பளிப் பலகை தீப்பற்றாது. அதன் இழைகள் தோலையும் மூச்சையும் உறுத்துமாகையால் முகமூடியும் கையுறையும் அணிந்து வெட்டி, துணி உறையிட்டுப் பொருத்த வேண்டும்.

செலவில்லாத வழிகள்

ஒலிவாங்கியை வாயிலிருந்து 60 செ.மீ. தொலைவிலிருந்து 15 செ.மீ.க்கு நகர்த்தினால் குரல் சுமார் 12 டெசிபெல் கூடுகிறது, வெளிச்சத்தம் கூடுவதில்லை. பதிவின் அளவை அதற்கேற்பக் குறைக்கும்போது இரைச்சல் பின்தங்கிவிடும். இந்த ஆதாயத்தைச் சுவரில் பெற வேண்டுமானால் அதன் நிறையை நான்கு மடங்காக்க வேண்டும். தெருப்பக்க அறையை விட்டு உள்ளறையைத் தேர்வதும், ஊர் அடங்கிய பின் பதிவு செய்வதும் இவ்வகையினவே.

மேல்மாடியின் காலடி ஓசை காங்கிரீட்டின் வழியே அதிர்வாக இறங்குவதால் கீழிருந்து அதை மலிவாகத் தடுக்க இயலாது. மேல்வீட்டுத் தரையில் கனத்த விரிப்பு இடச் சொல்வதே நடைமுறை வழி. டிரம்சு, தவில் போன்றவற்றை வாசிக்க, கட்டடத்தைத் தொடாமல் ரப்பர் தாங்கிகள்மேல் நிற்கும் தனி அறையே தேவைப்படும்; அது சிறு செலவில் முடிவதன்று.