வளைகுடாச் சம்பளமும் வீடு வந்து சேரும் பணமும்

கடல் கடந்து பொருள் தேடுவது தமிழனுக்குப் புதிய காரியமன்று. ஆனால் புறப்படுமுன் கணக்குப் பார்ப்பது மட்டும் இன்னும் நம்மவர்க்குப் பழக்கமாகவில்லை. கப்பல் போய் விமானம் வந்தது. தோட்டக் கூலிகளாய்ப் போனவர்களின் சந்ததியார் இருக்கும் ஊர்களிலிருந்தே இன்று தொழில் தேர்ந்த வாலிபர்கள் போகிறார்கள். ‘அங்கே மாதம் இவ்வளவு’ என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டும் வழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தச் சொல்லைச் சற்று உரைத்துப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நாம் இங்கே பேசுவது பெரிய உத்தியோகஸ்தர்களைப் பற்றியன்று. வெல்டர், எலக்ட்ரீஷியன், பிட்டர், கொத்தன், தச்சன் முதலியோரைப் பற்றியே பேசுகிறோம். இவர்கள் கைத்தொழிலைக் கற்க வருஷங்கள் செலவழித்தவர்கள். அத்தொழிலே இவர்களுடைய முதல். இவர்களைப் போன்றோர் அனுப்பும் பணம் சிறிதென்று எண்ண வேண்டாம். 2024-25-ஆம் வருஷத்தில் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த தொகை ஏறக்குறைய 13,500 கோடி டாலர். ரிசர்வ் பாங்கு 2023-24-ஆம் வருஷத்துக்குச் செய்த ஆராய்ச்சியின்படி, வந்த பணத்தில் நூற்றுக்கு 38 பங்கு ஆறு வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் பங்கு 10.4, மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த ஸ்தானம் நம்முடையது. தேசம் இப்பணத்தைக் கூட்டிக் காட்டிப் பெருமை கொள்கிறது. அதை அனுப்பினவனுக்கு மிஞ்சியது என்ன என்பதை யார் கழித்துப் பார்க்கிறார்கள்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கத்தாருக்குப் போகும் ஓர் எலக்ட்ரீஷியனிடம் ஏஜெண்டு, ‘மாதம் 44,000 ரூபாய்’ என்கிறான். அவன் சொன்னது முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. ஒரு ரியாலுக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டு அத்தொகையைப் பிரித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: அடிப்படைச் சம்பளம் 1,200 ரியால், சாப்பாட்டுப் படி 300 ரியால், மிச்சம் 325 ரியால் ஓவர்டைம். அந்நாட்டுச் சட்டப்படி நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. அதற்கு மேற்பட்ட நேரத்துக்குக் கூலி நூற்றுக்கு 25 பங்காவது அதிகம். மணிக்கு 5 ரியால் பெறுகிறவன், மாதத்தில் 26 நாளும் தினந்தோறும் இரண்டு மணி அதிகமாக உழைத்தால் 325 ரியால் வரும். ஆக மொத்தம் 1,825 ரியால். அதாவது 43,800 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அடிப்படைச் சம்பளம் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டது. ஓவர்டைம் யாரையும் கட்டுப்படுத்தாது. வேலை குவிந்தால் கிடைக்கும். குறைந்தால் மறுநாளே நின்றுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கலாகாதென்று 2021-இல் கத்தார் சர்க்கார் விதித்திருக்கிறது. உயிரைக் காக்கும் நல்ல விதி அது. ஆயினும் அம்மாதங்களில் ஓவர்டைமை நம்பிக் குடும்பச் செலவுக்குத் திட்டம் போட முடியாது. ஆகவே இருபத்துநான்கு மாத ஒப்பந்தத்தில் பாதி மாதங்களில்தான் ஓவர்டைம் உண்டென்று கொள்வோம்.

இனிச் செலவைப் பார்ப்போம். சாப்பாட்டுக்கு 350 ரியால், டெலிபோன், சோப்பு முதலிய சில்லறைக்கு 100 ரியால். இதைவிடச் சிக்கனமாய் வாழ்வது கஷ்டம். ஓவர்டைம் உள்ள மாதத்தில் மிஞ்சுவது 33,000 ரூபாய். இல்லாத மாதத்தில் 25,200 ரூபாய். இரண்டு வருஷத்தில் மொத்தம் 6,98,400 ரூபாய். இதுவே பெருந்தொகையல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். பொறுங்கள், கணக்கு இன்னும் முடியவில்லை.

விமானம் ஏறுமுன்பே அவன் ஏஜெண்டிடம் 1,20,000 ரூபாய் கட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பணம் அவன் வீட்டில் இருந்ததன்று. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. மாதம் 12,000 வீதம் பத்து மாதத்தில் அசலைத் தீர்த்தாலும் வட்டி மட்டும் 19,800 ரூபாய் ஆகிறது. இரண்டும் சேர்த்து 1,39,800. இதைக் கழித்தால் 5,58,600 ரூபாய் நிற்கிறது. ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது, வருஷத்துக்கு மூன்று வாரச் சம்பள வீதம் சட்டப்படி வரவேண்டிய பணிக்கொடை 1,680 ரியால், அதாவது 40,320 ரூபாய். இது முழுச் சம்பளத்தின்மீதன்று, அடிப்படைச் சம்பளத்தின்மீதே கணக்கிடப்படுவது என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். அதையும் கூட்டினால் 5,98,920. மாதத்துக்குச் சராசரி 25,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இதுவும் லாபமன்று. அதே மனிதன் ஊரிலேயே இருந்திருந்தால் சும்மாவா இருந்திருப்பான்? தினக் கூலி 900 ரூபாய், மாதத்தில் 22 நாள் வேலை என்று குறைவாகவே வைத்தாலும் 19,800 ரூபாய் சம்பாதித்திருப்பான். தன் சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் 4,800 போக 15,000 வீட்டுக்குக் கொடுத்திருப்பான். ஆகவே இரண்டு வருஷம் மனைவி மக்களைப் பிரிந்து, ஓர் அறையில் பலரோடு படுத்து, பாலைவனத்து அனலில் உழைத்ததனால் அவனுக்கு உண்மையில் அதிகமாய்க் கிடைத்தது மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய். 44,000 என்ற சொல்லைத் தோல் உரித்தால் உள்ளே இருக்கும் பருப்பு இவ்வளவே.

ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் நிலைமை இதைவிட மோசம். ஓவர்டைமின்றி எட்டு மாதம் உழைத்தவன் வேலை போய்த் திரும்பினால் மிஞ்சுவது 2,01,600. கடனையும் வட்டியையும் தீர்த்தபின் 61,800. ஒரு வருஷம் நிறையாததால் பணிக்கொடையும் இல்லை. ஊரில் இருந்திருந்தால் அந்த எட்டு மாதத்தில் 1,20,000 கொடுத்திருப்பான். அவன் சம்பாதிக்கப் போனான் என்று ஊரார் சொல்வார்கள். 58,200 ரூபாய் இழந்து வந்தான் என்று கணக்குச் சொல்கிறது. இவ்வெண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை. ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் மாறும். கூட்டும் முறையும் கழிக்கும் முறையும் மாறா.

இக்கணக்கிலே அவனுக்குப் பெரும் நஷ்டத்தை உண்டாக்கியவர் யார்? அரபு முதலாளியா? அவர்மேல் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முதல் வெட்டு விழுந்தது நம் ஊரிலேதான். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வோர் சட்டத்தின் விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய். 18 சதவீத வரியையும் சேர்த்தால் 35,400. நம் எலக்ட்ரீஷியன் இத்தொகையோடு, கடனின்றிப் போயிருந்தால் அவனுக்கு 1,04,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். அவனுடைய மெய்யான லாபம் மாதம் 14,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். அதாவது அவன் வியர்வையின் பயனில் பத்தில் மூன்று பங்கைக் கடல் தாண்டுமுன்பே நம்மவர் இருவர், ஏஜெண்டும் லேவாதேவிக்காரரும், பங்கிட்டுக்கொண்டார்கள். தொழிலாளியிடம் கட்டணமே வாங்கலாகாது என்பது சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1997-இல் இயற்றிய 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

சட்டத்தின் காவலிலும் ஒரு விசித்திரம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவன் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அனுமதி வேண்டும். அவர் ஒப்பந்தத்தைப் பார்வையிடுவார். பத்தாம் வகுப்புத் தேறினவனுக்கு அவ்வனுமதி தேவையில்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது இதன் கருத்துப்போலும். தொழிற்பள்ளியில் படித்துத் தேறிய வெல்டரும் எலக்ட்ரீஷியனும் இவ்விதம் காவலுக்கு வெளியே விடப்படுகிறார்கள். அரபு மொழியில் எழுதிய ஒப்பந்தத்தின் முன் பத்தாம் வகுப்புப் படிப்பு எம்மாத்திரம்? வேலை விசா என்று நம்பிச் சுற்றுலா விசாவில் போனவனுடைய கதியோ சொல்லத் தரமன்று.

‘முன்னைவிட இப்போது சம்பளம் இரட்டித்துவிட்டதே’ என்று சிலர் கூறுவர். இது கண்கட்டு வித்தை. கத்தார் ரியால், ஒரு டாலருக்கு 3.64 என்று கட்டப்பட்ட நாணயம், அது அசையவில்லை. அசைந்தது நம் ரூபாய். 2010-இல் ஒரு ரியாலுக்குச் சுமார் 12½ ரூபாய் கிடைத்தது. 2025-இல் சுமார் 24 ரூபாய். அதே 1,200 ரியால் ரூபாயில் ஏறக்குறைய இரட்டித்துத் தோன்றுகிறது. அதே காலத்தில் நம் ஊர் விலைவாசியும் இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சம்பளம் ஏறாமலே ஏறியதாய்க் காண்பதும், அரிசிக் கடையில் அந்த ஏற்றம் மறைந்துபோவதும் இதனால்தான்.

2020-ஆம் வருஷம் நடந்ததையும் மறத்தலாகாது. தொற்றுநோய்க் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சம்பள பாக்கியும் பணிக்கொடையும் பெறாமல் விமானமேறித் திரும்பினார்கள். அந்தச் செப்டம்பரில் நம் மத்திய சர்க்கார், வளைகுடாவுக்குச் செல்வோர்க்கு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. வேலை வேறு நாட்டார் கைக்குப் போய்விடாமல் காப்பதற்கே என்று காரணம் சொல்லப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பி வழக்கு தெலுங்கானா ஹைகோர்ட்டுக்குச் சென்றது. 2021 ஜூலையில் அவ்வுத்தரவு கைவிடப்பட்டது. இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது: தொழிலாளியின் விலையை அவன் சொந்த சர்க்காரே தாழ்த்தவும் கூடும், ஜனங்கள் வாய் திறந்தால் அதை மீட்கவும் கூடும்.

கத்தாரும் கல்லாய் நின்றுவிடவில்லை. சம்பளத்தைப் பாங்கு மூலமே செலுத்த வேண்டுமென்று 2015-இல் விதித்தது. முதலாளியின் தடையில்லாச் சான்றின்றி வேறு வேலைக்கு மாறலாமென்று 2020-இல் சட்டம் செய்தது. 2021 மார்ச்சு முதல் எந்த நாட்டவராயினும் 1,000 ரியாலுக்குக் குறையாத அடிப்படைச் சம்பளமும், சாப்பாடும் ஜாகையும் கொடாவிடில் முறையே 300, 500 ரியாலும் தரவேண்டும் என்று நிர்ணயித்தது. உலகக் கால்பந்துப் பந்தயத்தை 2022-இல் நடத்த முன்வந்ததால் உலகத்தின் கண் அந்நாட்டின்மேல் விழுந்தது. அதன் பயன் இது. நம் கண் நம் ஏஜெண்டுகளின்மேல் எப்போது விழப்போகிறது?

போகாதே என்று எவரையும் தடுப்பது நம் நோக்கமன்று. வளைகுடாப் பணத்தால் ஓடு மாறி மாடியானவை உண்டு; தங்கைமார் மணமும் பிள்ளைகள் படிப்பும் நடந்ததுண்டு. மாதம் 10,000 ரூபாய் அதிகம் என்பது ஏழைக் குடும்பத்துக்கு அற்பமுமன்று. ஆனால் 10,000-க்குப் போகிறோம் என்று தெரிந்து போவது வேறு. 44,000-க்குப் போகிறோம் என்று மயங்கிப் போவது வேறு. முன்னவன் வேண்டாமென்று சொல்லவும் சுதந்திரம் உடையவன். பின்னவன் கடனில் கட்டுண்டு, எந்த நிபந்தனைக்கும் தலையசைக்க வேண்டியவனாகிறான்.

ஆகவே பொதுவேலையில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் ஒரு வாலிபன் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறான் என்று கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொல்லுமுன் அவனிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? ஓவர்டைம் நீங்கினால் மிச்சம் எவ்வளவு? ஏஜெண்டு பதிவு பெற்றவனா? கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே? கடனுக்கு வட்டி என்ன? சர்க்காரே 1978-இல் சென்னையில் ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது என்பதையும், 10 லட்ச ரூபாய் வரை விபத்துக் காப்பு அளிக்கும் இன்ஷியூரன்ஸ் திட்டம் உண்டென்பதையும் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கிராமந்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் நியாயமான வட்டிக்கு இவர்களுக்குக் கடன் கொடுக்கட்டும். 30,000-க்கு மேல் வாங்கும் ஏஜெண்டின்மீது புகார் கொடுக்கத் துணிவுள்ளவர் பத்துப் பேர் ஒவ்வொரு தாலுகாவிலும் முன்வரட்டும்.

அந்நிய நாட்டில் நம் தொழிலாளியின் கூலியை உயர்த்தும் அதிகாரம் நம் கையில் இல்லாதிருக்கலாம். புறப்படுமுன்பே அவன் கூலியில் கைவைப்பவரைத் தடுக்கும் அதிகாரம் முழுவதும் நம்மிடமே இருக்கிறது. முதலில் அதைச் செய்வோம்.