மட்டசனம் என்னும் மறந்துபோன புண்ணியம்



வட்டுக்கோட்டையில் எந்த வீட்டுக்கு விருந்தினராகச் சென்றாலும், அமர்ந்து இளைப்பாறுமுன்னரே தேநீர் வந்துவிடும். கூடவே பலகாரத் தட்டும் வரும். பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், கேக் என்று அது நிறைந்திருக்கும். "எனக்குச் சலரோகம், வேண்டாம்" என்று சொன்னால் வீட்டுக்காரரின் முகம் வாடிவிடும். "ஒன்றே ஒன்று எடுங்கோ, ஒன்றும் செய்யாது" என்ற அன்புக் கட்டளை பிறக்கும். மறுக்க மனமின்றி நாமும் எடுத்துக்கொள்வோம். அந்த "ஒன்றே ஒன்று" அடுத்த வீட்டிலும் காத்திருக்கும்.

சலரோகம் என்று நம்மவர் அழைக்கும் நீரிழிவு நோய் இன்று நம் குடும்பங்களில் புதியதொரு விருந்தாளியன்று. வீட்டோடு தங்கிவிட்ட உறுப்பினர். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்ட தரவுகளோ ஐந்தில் ஒருவருக்கும் மேல் என்கின்றன. கண் பார்வை மங்கியவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், ஆறாத புண்ணால் கால் விரலை இழந்தவர்கள் நம் ஒவ்வொருவரின் உறவிலும் இருக்கிறார்கள். ஆகவே இனிப்பின்மீது நாம் கொண்டுள்ள ஆசை வெறும் நாக்கின் காரியமன்று, குடும்பத்தின் காரியம்.

நம் முன்னோர் இனிப்பை வெறுத்தவர்களா? இல்லவே இல்லை. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் செய்து மகிழ்ந்தார்கள். பக்கத்து ஊராகிய நவாலியில் பிறந்த சோமசுந்தரப் புலவர் அந்த ஆடிக்கூழைப் பாட்டாகவே பாடிவைத்தார். பனம்பழக் காலத்தில் பனங்காய்ப் பணியாரம் சுட்டார்கள். பழக்களியை வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கினார்கள். கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கி ஓலைக் குட்டான்களில் சேமித்தார்கள். ஆனால் ஒவ்வோர் இனிப்புக்கும் ஒரு பருவம் இருந்தது. ஒரு திருநாள் இருந்தது. அதற்குப் பின்னால் இடித்தும் அரித்தும் வறுத்தும் செய்த கடும் உழைப்பும் இருந்தது. இன்றோ பருவம் போய்விட்டது. ஆண்டின் எந்த நாளிலும், எந்த மணி நேரத்திலும், கடையில் கைநீட்டினால் இனிப்புக் கிடைக்கிறது. வேலி விழுந்துவிட்டது, ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய தேநீர்ப் பழக்கத்தையும் இங்கே நினைவுகூரலாம். வெறுந்தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, பனங்கட்டித் துண்டொன்றைச் சிறிது சிறிதாகக் கடித்துக் குடிப்பது நம் மூத்தோரின் வழக்கம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி அரிதாகியபோது, இளையோரும் அதற்குப் பழகினார்கள். இனிப்பு நாக்கில் நேரே படுவதால் சிறு துண்டே போதுமானதாயிற்று. குவளையில் கரைத்த சீனியோ கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "பனங்கட்டி இயற்கையானது, எவ்வளவும் உண்ணலாம்" என்று சிலர் எண்ணுகிறார்கள். அதில் சிறிதளவு தாதுப்பொருட்கள் உண்டு என்பது உண்மை. ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் சீனியின் அளவை அதுவும் உயர்த்தும். தேனுக்கும் இதே நியாயம்தான்.

அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து பெறும் சக்தி நாளொன்றின் மொத்தச் சக்தியில் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும். அதாவது ஏறத்தாழ 50 கிராம், 12 தேக்கரண்டி. அதிலும் பாதியாக, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. நாளுக்கு மூன்று தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால், பலகாரத் தட்டைத் தொடுமுன்னரே அந்த 25 கிராம் முடிந்துவிடுகிறது! வழக்கமான கோலாப் பானம் 330 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் சீனி உண்டு. 2016 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடுகள் இடப்படுவது இதை அறிவிக்கவே. அவற்றைப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டா?

அன்புக்குரியவர்களே, பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தவர்கள், போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்று கற்றிருப்பீர்கள். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. உண்ணாமை அன்று, அளவாய் உண்ணல் என்பதே அதன் பொருள். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த புனித பெரிய கிரகோரியார் போசனப்பிரியத்துக்கு ஐந்து வழிகளைக் குறித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் அவற்றை மீண்டும் எடுத்தாண்டார். நேரத்துக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவை மீறுவது, ஆவலோடு விழுங்குவது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் தேடுவது என்பன அவை. அதிகம் உண்பது ஐந்தில் ஒன்று மட்டுமே என்பதைக் கவனியுங்கள். தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, எதை உண்கிறோம் என்று அறியாமலே பிஸ்கற் பெட்டியைக் காலிசெய்வதும் இந்த வரிசையில்தான் நிற்கிறது.

ஆசையோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டுவதைவிட, அது எப்போது வருகிறது என்று அறிவது மேல். காலை உணவைத் தவிர்த்தவருக்குப் பத்து மணிக்கு இனிப்பு ஆசை எழும். அது பசியின் குரல். இரவில் சரியாக உறங்காதவருக்கும் மறுநாள் உணவு நாட்டம் கூடும். அவித்த பயறு, கடலை, கௌபி, குரக்கன், இலைக்கறி, மீன் என்று நிறைவாக உண்டவரை இந்த ஆசை அவ்வளவு எளிதில் வெல்லாது. தேநீரில் இடும் சீனியை ஒரே நாளில் நிறுத்த முடியாதவர்கள் வாரந்தோறும் அரைக் கரண்டி குறைக்கட்டும். நாக்கு பழகும் உறுப்பு. சில வாரங்களில் பழைய இனிப்பே அதற்குத் திகட்டும். பழச்சாற்றுக்குப் பதிலாகப் பழத்தையே கடித்து உண்ணுங்கள். திருநாளுக்கு உரிய பலகாரத்தைத் திருநாளுக்கே விட்டுவையுங்கள். அன்று அதைக் குற்ற உணர்வின்றி, நன்றியோடு, மெதுவாகச் சுவையுங்கள்.

நோயாளர்க்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உணவைத் தவிர்க்கக் கூடாது, தவக்காலத்திலும் கூடாது. திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் திருச்சபை கேட்கும் நோன்பு நோயாளரை வருத்துவதற்கன்று. இரத்தச் சீனி திடீரெனக் குறைந்து கை நடுங்கி வியர்த்தால், அந்நேரம் சீனியே மருந்து. எப்பொருளும் தன்னில் தீயதன்று; அளவும் காலமுமே அதை நன்மையாகவும் தீமையாகவும் ஆக்குகின்றன. தேன் கிடைத்தவன் தனக்குப் போதுமானதை மட்டும் உண்ணவேண்டும் என்று நீதிமொழிகள் நூலின் 25 ஆம் அதிகாரம் அறிவுறுத்துவதும் இதையே.

இறுதியாக, விருந்தோம்புவோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் அழுகையை ரொபி கொடுத்து அடக்காதீர்கள். துயரத்துக்கு இனிப்பே மருந்து என்ற பாடத்தை அது வாழ்நாள் முழுதும் மறக்காது. விருந்தினர் வேண்டாம் என்றால் அதை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். வெறுந்தேநீரும், அவித்த கடலையும், சில வாழைப்பழங்களும் வைத்துப் பாருங்கள். விருந்தின் இனிமை தட்டில் இல்லை. அருகில் அமர்ந்து பேசும் முகத்தில் இருக்கிறது. "ஒன்றே ஒன்று எடுங்கோ" என்பது அன்புதான். "உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும்?" என்று கேட்பது அதனினும் பெரிய அன்பு. இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வருகின்ற முதல் விருந்தினரிடம் அதைக் கேட்டுப்பாருங்கள்.