ஞாயிறு யாருக்கு லீவு?
ஞாயிற்றுக்கிழமை என்றதும் கறிக்குழம்பும் பகல் தூக்கமும்தானே உங்களுக்கு ஞாபகம் வரும்?

காரைக்கால் பக்கம், திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது அம்பகரத்தூர். பத்ரகாளியம்மன் கோயில் கொண்ட ஊர். பக்கத்துத் திருநள்ளாறில் சனிக்கிழமை என்றால் சனீஸ்வரன் கோயில் கூட்டம். மறுநாள் ஞாயிறு இங்கே எப்படி?

ஆபீஸ் குமாஸ்தா எட்டு மணி வரை போர்வைக்குள். கறிக்கடைக்காரருக்கோ அன்றுதான் பெரிய வியாபாரம்! நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். அம்மனுக்கு விளக்குப் போடுவோர் கோயிலுக்குக் கிளம்புவார்கள். வீட்டு அம்மாவுக்கு? அடுப்படியில் டபுள் டூட்டி!

வயல்காரர் கதை வேறு. இது காவிரியின் கடைமடை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேரப் பல நாள் பிடிக்கும். வந்த அன்று ஞாயிறானால் என்ன? மண்வெட்டியோடு ஓட வேண்டியதுதான். தண்ணி கிழமை பார்த்தா வரும்?

ஞாயிறு லீவு சும்மா வந்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளருக்காக நாராயண மேகாஜி லோகண்டே போராடி 1890-ல் வாங்கித் தந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது நிலைத்துவிட்டது. நாற்று நடும் பெண்ணுக்கு? வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை!

கடைமடைக்குத் தண்ணீரும் கடைசி, ஞாயிறும் கடைசி!