பங்காளி கவிழ்த்த தொலைக்காட்சி

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தைப் பேசுகிறவர்கள் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி என்ற மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். 1946 முதல் 1956 வரை நான்காவதாக ஒரு நெட்வொர்க்கும் இருந்தது. அதன் பெயர் டூமாண்ட். நால்வரில் சிறியது, கையில் காசு குறைவு. ஆனால் திறமை இல்லாமல் அது மூழ்கவில்லை. அலைவரிசைகளைப் பங்கிட்ட அரசு ஆணையமும், பணம் போட்ட பங்காளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். இதில் பங்காளி செய்த கேடுதான் அதிகம் என்பேன்.

ஆலன் டூமாண்ட் கலையுலகத்து ஆள் இல்லை, பொறியாளர். 1901-இல் புரூக்ளினில் பிறந்தவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் சில பத்து மணி நேரம் எரிந்தாலே பழுதாகிவிடும். அதை ஆயிரம் மணி நேரம் உழைக்க வைத்தது அவருடைய சாதனை. 1931-இல் நியூஜெர்சியில் தன் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் தொடங்கியவர், 1938-இல் டிவி பெட்டியை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். பெட்டி விற்க வேண்டுமானால் அதில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே! அதற்காகத்தான் ஒளிபரப்பில் இறங்கினார். நியூயார்க் நிலையத்துக்குத் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூஏபிடி என்று பெயர் வைத்தார். வாஷிங்டன் நிலையத்துக்கு, தன் ஆய்வுத் தலைவர் தாமஸ் டி. கோல்ட்ஸ்மித்தின் எழுத்துகளைக் கொண்டு டபிள்யூடிடிஜி. இரண்டு ஊரையும் கேபிளால் இணைத்து 1946 ஆகஸ்டில் நெட்வொர்க் பிறந்தது.

இதற்கெல்லாம் பணம்? 1930களின் கடைசியிலேயே ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பங்கு கொடுத்திருந்தார் டூமாண்ட். வினை அங்கே தொடங்கியது. ஒரு நிறுவனம் ஐந்து நிலையங்களுக்கு மேல் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்பது அலைவரிசைகளைப் பங்கிட்ட எஃப்சிசி ஆணையத்தின் விதி. டூமாண்டுக்கு நியூயார்க், வாஷிங்டன், பிட்ஸ்பர்க் என மூன்று. பாரமவுண்ட் தரப்புக்குத் தனியாக லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிகாகோவிலும் இரண்டு. டூமாண்டைப் பாரமவுண்ட்தான் ஆட்டுவிக்கிறது என்று ஆணையம் முடிவு கட்டியது. மூன்றும் இரண்டும் ஐந்து, இனி ஒன்றும் கிடையாது! பாரமவுண்டோ அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நிலையத்தில் தயாரித்த நிகழ்ச்சிகளை மற்ற ஊர்களுக்குத் தனியே விற்றுக்கொண்டிருந்தது. பங்கும் வைத்துக்கொண்டு போட்டிக்கும் நின்றால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

மற்ற மூவருக்கும் வானொலி என்ற தாய்வீடு இருந்தது. அங்கே சம்பாதித்த லாபத்தைத் தொலைக்காட்சியில் கொட்டினார்கள். வானொலி நட்சத்திரங்களையும் விளம்பரதாரர்களையும் அப்படியே அழைத்து வந்தார்கள். ஊர் ஊராக வானொலி நிலையம் நடத்தியவர்கள் டிவி நிலையம் தொடங்கியபோது பழைய உறவிலேயே ஒட்டிக்கொண்டார்கள். டூமாண்டுக்கு வானொலியே கிடையாது. போதாக்குறைக்கு 1948 இலையுதிர் காலத்தில் ஆணையம் புது நிலைய உரிமங்களை நிறுத்திவைத்தது. தடை நீங்க 1952 ஏப்ரல் ஆயிற்று. பல ஊர்களில் ஒன்றோ இரண்டோ நிலையங்கள்தான். அவற்றை என்பிசியும் சிபிஎஸ்ஸும் பிடித்துக்கொண்டன. பிறகு திறந்துவிட்ட யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைச் சேனல்களை அன்றைய பெரும்பாலான பெட்டிகளில் பார்க்கவே முடியாது. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு கடைபோட இடம் கிடைக்காத வியாபாரியின் நிலை.

சரக்கு உண்மையிலேயே நல்லதுதான். நகைச்சுவை நடிகர் ஜாக்கி கிளீசனைத் தொலைக்காட்சியில் தூக்கிவிட்டது டூமாண்ட். அவருடைய புகழ்பெற்ற ‘தி ஹனிமூனர்ஸ்’ 1951-இல் இங்கேதான் ஒரு குறுநாடகமாகத் தொடங்கியது. மறு ஆண்டே சிபிஎஸ் கூடுதல் பணம் காட்டி அவரைக் கொண்டுபோய்விட்டது. ‘கேப்டன் வீடியோ’ என்ற விண்வெளித் தொடரை, சொற்பக் காசில் அட்டையும் தகரமுமாகச் சமாளித்து நேரலையில் நடத்தினார்கள். பிள்ளைகள் அதற்குத் தவம் கிடந்தார்கள். இதையெல்லாம்விட எனக்கு வியப்பு, ஆயர் ஃபுல்டன் ஷீனின் வெற்றி. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு என்பிசியில் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல். நாடே அவர் முன் உட்கார்ந்திருக்கும் நேரம். யாரும் தொட அஞ்சிய அந்த நேரத்தில், ஒரு கரும்பலகையும் சாக்பீசுமாக ஒரு கத்தோலிக்க ஆயரை நிறுத்தியது டூமாண்ட். கூட்டம் வந்தது, எம்மி விருதும் வந்தது.

1950-இல் பியானோ கலைஞர் ஹேசல் ஸ்காட்டுக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்தார்கள். சொந்தப் பெயரில் நெட்வொர்க் நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண் அவர். கம்யூனிஸ்ட் அனுதாபி என்று பட்டியலில் பெயர் ஏறியதும், நாடாளுமன்றக் குழுவின் முன் தானே போய் வாதாடினார். சில நாளிலேயே நிகழ்ச்சி நின்றது. இதில் டூமாண்டைப் பாராட்ட வழியில்லை, மற்றவர்களைப்போல் அதுவும் பயந்தது. ஆனால் 1954-இல் கம்யூனிஸ்ட் வேட்டையை நடத்திய செனட்டர் மெக்கார்த்திக்கும் ராணுவத்துக்கும் நடந்த விசாரணையை முழுதாகக் காட்டியவை ஏபிசியும் டூமாண்டும்தான். பகலில் இழக்கப் பெரிய வருமானம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

1953-இல் ஏபிசிக்கு 2.5 கோடி டாலர் கிடைத்தது. கொடுத்தது யார்? நீதிமன்ற உத்தரவால் பாரமவுண்டிலிருந்து பிரிந்துபோன அதன் தியேட்டர் நிறுவனம்! பங்காளியின் பழைய சொத்து எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தது. பிட்ஸ்பர்க்கில் பல ஆண்டுகள் டூமாண்டின் நிலையம் ஒன்றுதான் இருந்ததால், அந்த ஊருக்குள் வர மற்ற நெட்வொர்க்குகள் அதன் தயவைத்தான் நாட வேண்டும். கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டு அது. 1954 கடைசியில் அதையும் 97.5 லட்சம் டாலருக்கு வெஸ்டிங்ஹவுஸுக்கு விற்றார்கள். கடனுக்கு ஆயிற்று, நெட்வொர்க்குக்கு ஆகவில்லை. மறு ஆண்டு பாரமவுண்ட் நிர்வாகத்தைக் கைப்பற்றியது. 1956 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கிலிருந்து ஒரு குத்துச்சண்டையை ஒளிபரப்பியதோடு டூமாண்ட் நெட்வொர்க் கடையைக் கட்டியது.

எஞ்சிய இரண்டு நிலையங்களும் டூமாண்ட் பிராட்காஸ்டிங் என்ற தனி நிறுவனமாயின. அது 1957-இல் செய்த வேலை, நியூயார்க்கில் ஒரு வானொலி நிலையத்தை வாங்கியது. பத்து வருடம் முன்பே வாங்கியிருக்க வேண்டியது! அந்த நிறுவனம் மெட்ரோமீடியாவாக வளர்ந்து, 1986-இல் அதன் டிவி நிலையங்கள் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் கைக்குப் போயின. இன்றைய ஃபாக்ஸ் நெட்வொர்க் அவற்றின் மேல் எழுந்ததுதான்.

நிகழ்ச்சிகளின் கதி இன்னும் மோசம். அக்காலத்தில் திரையைப் படமெடுத்துத்தான் நேரலையைச் சேமிப்பார்கள். டூமாண்டின் அந்தப் படச்சுருள்களை 1970களில் லாரிகளில் ஏற்றி நியூயார்க் விரிகுடாவில் கொட்டிவிட்டார்கள் என்று, நடிகை எடி ஆடம்ஸ் 1996-இல் காங்கிரஸ் நூலகத்தின் விசாரணையில் சாட்சி சொன்னார். ஆயிரக்கணக்கான ஒளிபரப்புகளில் இன்று மிஞ்சியிருப்பவை சில நூறு. ஹேசல் ஸ்காட்டின் நிகழ்ச்சியில் ஒரு எபிசோடுகூடப் பார்க்கக் கிடைப்பதில்லை.