கொகோடா மலைப்பாதை – 6: ஓடியவர்கள் அல்ல

சென்ற வாரம் பப்புவாவின் கொகோடா மலைப்பாதையில் இருந்த இசுரவாவில் நிறுத்தியிருந்தோம். 1942 ஆகஸ்ட் கடைசி வாரம். ஆஸ்திரேலியாவின் 39-வது பட்டாலியனின் பையன்கள், அவர்களில் பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, ஜப்பானியர்களோடு ஒரு மாதமாகச் சண்டையிட்டுப் பின்வாங்கி, காய்ச்சலிலும் பட்டினியிலும் துவண்டு கிடந்தார்கள். அவர்களுக்குத் தோள்கொடுக்க மலையேறி வந்தது 2/14-வது பட்டாலியன். அதில் ஒரு சாதாரணச் சிப்பாய், மெல்போர்னைச் சேர்ந்த புரூஸ் கிங்ஸ்பரி. வயது 24.

அப்பா ரியல் எஸ்டேட் தொழில் செய்தவர். மகனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் மனம் ஒட்டவில்லை. சிறுவயதுத் தோழன் ஆலன் ஏவரியோடு சேர்ந்து, பண்ணை பண்ணையாக வேலை பார்த்தபடி நடந்தே ஊர் சுற்றினார். பிறகு அப்பாவின் தொழிலுக்கே திரும்பினார். 1940 மே மாதம் ராணுவத்தில் சேர்ந்தபோது அவரை வேறொரு பட்டாலியனில் போட்டார்கள். ஏவரி இருக்கும் இடத்துக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். 1941-ல் சிரியா, லெபனான் போர்முனையில் விஷி பிரெஞ்சுப் படைகளை எதிர்த்து இருவரும் ஒன்றாகவே போரிட்டார்கள். ஒரே பிளட்டூன், ஒரே செக்‌ஷன்.

பாலைவனத்துக்கும் வறண்ட மலைகளுக்கும் பழகிய படை அது. இங்கே எதிரி பத்தடி தூரத்தில் நின்றாலும் இலைகளுக்குள் தெரியமாட்டான். மழை விட்டபாடில்லை. ஆஸ்திரேலியர்கள் உடுத்தியிருந்த காக்கி, அந்தப் பச்சைக் காட்டில் அவர்களைத்தான் காட்டிக்கொடுத்தது.

ஆகஸ்ட் 29. வலப்பக்கத்தில் ஜப்பானியர்கள் அரணை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். பட்டாலியன் தலைமையகமே பறிபோகும் நிலை. கிங்ஸ்பரியின் பிளட்டூன் ஏற்கெனவே நொறுங்கியிருந்தது; மிஞ்சியவர்கள் ஒரு சிலர். எதிர்த்தாக்குதலுக்கு உத்தரவு போனது வேறொரு பிளட்டூனுக்கு. அதில் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டார் கிங்ஸ்பரி. ஏவரியும் கூடவே போனார். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அவர் பட்டபாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

காயம்பட்ட கார்ப்பரல் ஒருவரின் கையிலிருந்து பிரென் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ பத்துக் கிலோ எடை. முன்பக்கத்து இரண்டு கால்களை ஊன்றிப் படுத்தபடி சுடுவதற்காகச் செய்யப்பட்ட ஆயுதம் அது. முப்பது தோட்டா பிடிக்கும் வளைந்த மேகஸின் மேல்பக்கம் செருகப்பட்டிருக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் காலி. அதை இடுப்பில் இருத்தி, சரிவில் ஓடிக்கொண்டே சுட்டார். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேர் எதிராக. கூட வந்தவர்கள் அவர் திறந்த வழியில் முன்னேறினார்கள். ஜப்பானியர்கள் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். தலைமையகம் தப்பியது.

மறைந்திருந்த ஒருவன் சுட்ட ஒற்றைக் குண்டில் கிங்ஸ்பரி விழுந்தார். ஏவரி அவரைத் தூக்கிச் சுமந்துகொண்டு மருத்துவரிடம் ஓடினார். உயிர் போய்விட்டிருந்தது.

மறுநாளே இசுரவாவைக் கைவிட்டுப் பின்வாங்கும்படி ஆயிற்று. அப்படியானால் அந்த உயிர் எதற்குப் போனது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இசுரவா ஒரு குன்றுச் சரிவு, சில குடிசைகள். அதற்காக யாரும் சாகவில்லை. அன்று தலைமையகம் வீழ்ந்திருந்தால், பின்வாங்குவதற்கே படை மிஞ்சியிருக்காது. அந்தப் படை மிஞ்சியதால்தான் அடுத்த இரண்டு வாரங்கள் ஒவ்வொரு முகடாக எதிரியைத் தாமதப்படுத்த முடிந்தது. செப்டம்பர் நடுவில் துணைக்கு அனுப்பப்பட்ட 25-வது பிரிகேட் இயோரிபைவா முகட்டுக்கு வந்துசேர அவகாசம் கிடைத்தது. ஜப்பானியர்களோ கொண்டுவந்த அரிசி தீர்ந்து மெலிந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கணக்கு மேலிடத்துக்குப் புரியவில்லை. இந்தப் படையை வழிநடத்திய பிரிகேடியர் பாட்ஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1942 நவம்பர் 9 அன்று கொய்டாகி மைதானத்தில், மிஞ்சிய வீரர்களை அணிவகுக்கச் செய்து தலைமைத் தளபதி பிளேமி பேசினார். ஓடுகிற முயல்தான் சுடப்படும் என்ற பொருளில் அவர் சொன்னதைக் கேட்டு வரிசைகள் கொதித்தன. அதிகாரிகள் பாடுபட்டுத்தான் அடக்கினார்கள். தோழர்களைப் புதைத்துவிட்டு வந்தவர்களிடம் பேசுகிற பேச்சா அது? எண்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சரியாக மூன்று மாதம் கழித்து, 1943 பிப்ரவரி 9 அன்று, 2/14-வது பட்டாலியனின் கிங்ஸ்பரிக்கு விக்டோரியா கிராஸ் அறிவிப்பு அரசிதழில் வந்தது. பப்புவா அப்போது ஆஸ்திரேலிய ஆட்சிப் பகுதி. ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட மண்ணில் புரிந்த வீரத்துக்காகக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அது. போர்ட் மோர்ஸ்பிக்கு அருகே போமனா கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கமானார். மெல்போர்னின் வடக்கே ஒரு புறநகர்ப் பகுதிக்குக் கிங்ஸ்பரி என்றே பெயர் வைத்தார்கள். ஏவரி போர் முடிந்து உயிரோடு ஊர் திரும்பினார்.

இசுரவாவில் காயம்பட்டவர்களை அந்த மலைகளின் மேல் ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்கள் பப்புவா கிராமத்து மக்கள். அடுத்த வாரம் அவர்களைப் பற்றி.

(தொடரும்)