செடி தழைக்கிறது, சிவக்கவில்லையா? தெரு விளக்கைப் பாருங்கள்!

‘‘கிறிஸ்துமஸ் விற்பனைக்காக 200 தொட்டிகளில் பாயின்செட்டியா வளர்த்தேன். எல்லாம் நன்றாகத் தழைத்தன. ஆனால், சாலையோர வரிசை மட்டும் டிசம்பரிலும் பச்சையாகவே நின்றுவிட்டது. என்ன உரம் கொடுக்கலாம்?’’ என்று கேட்கிறார், நர்சரி நடத்தும் வாசகர் ஒருவர்.

குறை உரத்தில் இல்லை. ‘சாலையோரம்’ என்பதிலேயே பதில் இருக்கிறது.

பாயின்செட்டியா, செவ்வந்தி, கலஞ்சோ மூன்றும் குறும்பகல் செடிகள். பெயரில் பகல் இருந்தாலும், இவை கணக்கு வைப்பது இரவைத்தான். விடாமல் நீண்ட இருட்டு பல வாரங்கள் கிடைத்தால்தான் மொட்டு கட்டும். பாயின்செட்டியாவின் மேல் இலைகள் சிவக்கும். இருட்டை உணர்வது, இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி. நடு இரவில் விளக்கு எரிந்தால், அந்த ஓர் இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள், செடி உயரம் பிடிக்கும்வரை இரவில் பல்பு எரியவிட்டு மொட்டைத் தள்ளிப்போடுவது இதனால்தான்.

தொட்டிகளை இருட்டான பக்கம் மாற்றுங்கள். முடியாவிட்டால், அக்டோபர் தொடக்கத்திலிருந்து மாலை 6 மணிக்குக் கறுப்புத் துணியால் மூடி, காலை 8 மணிக்கு எடுங்கள். 8 முதல் 10 வாரங்கள், ஒருநாளும் விடக்கூடாது. துணிக்குள் புழுக்கம் சேராமலும், பகலில் நல்ல வெளிச்சம் கிடைக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரிலேயே ஓர் இரவு 9 மணிக்குத் தொட்டிகளுக்கு நடுவே நில்லுங்கள். செய்தித்தாள் படிக்க முடிகிறதா? அந்த இடம் ஆகாது. டிசம்பர் 25 தாண்டிச் சிவக்கும் செடியை வாங்க ஆளில்லை.